ஆக்சிஜன் மிஷின் யாருது?

மார்ச் மாசம் பாதி தாண்டினா போதும், எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிச்சிடும்.

"நீங்க ட்ரஸ்ட் நடத்துறீங்களாமே? ட்ரஸ்ட் ஒண்ணு போட்டா வரியே கட்ட வேண்டாமாமே? எப்படிங்க போடறது?"

போன ஞாயித்துக்கிழமையும் வந்தது. பேசினவர் நல்ல மனுஷர். சேலையூர் பக்கம் ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கார். அந்த வாடகையை ட்ரஸ்ட் பேர்ல வாங்கிட்டு, அதுலயே வீட்டுச் செலவையும் பார்த்துக்கலாம்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல இல்லை, சொல்லிக் குடுத்தவர் மேல.

முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வெச்சப்புறம்தான், இதை ஒரு தடவை எழுதியே வெச்சுடலாமேன்னு தோணிச்சு. நீளமா போகும். காபியோட உக்காருங்க.

2021 மே மாசத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

கோவிட் ரெண்டாவது அலை. கிழக்குத் தாம்பரத்துல எங்க தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு வீடு கதவு சாத்தியிருந்தது. ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் சத்தம். எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல ஒரு அண்ணா (பேங்க்ல வேலை பார்த்தவர்) "ஆக்சிஜன் மிஷின் ரெண்டு வாங்கிடலாமா?"ன்னு கேட்டார். அவரோட ஜிபே நம்பருக்கே பணம் வந்து விழுந்தது. 200 ரூபா அனுப்பினவங்க உண்டு, 20,000 அனுப்பினவங்க உண்டு. மூணு நாள்ல ரெண்டு கான்சன்ட்ரேட்டர் வந்துடுச்சு. 5 லிட்டர் மிஷின். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு, அடியில நாலு சக்கரம். ஓடும்போது சில செகண்டுக்கு ஒரு தடவை புஸ்ஸுன்னு மூச்சு விடும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டு எத்தனையோ வீட்ல ஆளுங்க ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருந்தாங்க.

ஆகஸ்ட்ல அலை ஓய்ஞ்சுது. ரெண்டு மிஷினும் அந்த அண்ணா வீட்டு ஹால்ல பழைய பெட்ஷீட் போத்திக்கிட்டு நின்னுது.

அப்ப அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்தது.

மிஷின் யாருது?

இந்த ஒரு கேள்விக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்லை. ஒருத்தர் வித்துப் பிரிச்சுக்கலாம்னார் (200 ரூபா குடுத்த அக்காவுக்கு எவ்வளவு பிரிக்கிறது?). ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம்னார். இன்னொருத்தர் நாமளே வெச்சுக்கிட்டு தேவைப்படறவங்களுக்குத் தரலாம்னார். சரி, ஆனா வெச்சுக்கிறதுக்கு "நாம"ங்கிற ஆள் யாரு? கடை பில்லுல அண்ணா பேர்தான் இருந்தது.

இன்னொரு பயமும் சேர்ந்துச்சு. சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல மொத்தமா 50,000 ரூபாய்க்கு மேல சும்மா வந்தா, சட்டப்படி அது வாங்கினவரோட வருமானமா நிக்கும். ஊர் பணம் மொத்தமும் அவர் கணக்குல வந்திருக்கு. அவரோட வீட்டம்மா தூக்கமில்லாம இருந்தாங்க. நல்லது பண்ணின குடும்பத்துக்கு இந்த பயம் வரலாமா? எனக்கு அது இன்னிக்கும் உறுத்துது.

அப்பதான் ஒரு ஆடிட்டர் மேடத்தைப் பார்க்கக் குரோம்பேட்டைக்குப் போனோம். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க எங்களை ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"இந்தப் பணமும் பொருளும் இனிமே என்னிக்குமே உங்களுது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடத் தயாரா? தயார்னா மேல பேசலாம்."

போன்ல கேட்ட, வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவருக்கு நான் சொன்னதும் இதைத்தான். வரி விலக்குங்கிறது அந்தக் கையெழுத்துக்குக் கிடைக்கிறது. பணம் உங்ககிட்டயே இருக்கணும், வரி மட்டும் போகணும்னா அதுக்குப் பேரு ட்ரஸ்ட் இல்லை.

(இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. பச்சையப்ப முதலியார் 1794-ல தர்மத்துக்குன்னு உயில் எழுதி வெச்சிட்டுப் போனார். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி, கோர்ட்டு கேஸுன்னு இழுத்து, அவர் பேர்ல பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. எழுதி வெச்சா மட்டும் பத்தாது, யார் காப்பாத்தணும், எப்படிக் கணக்குக் காட்டணும்னும் சேர்ந்தே இருக்கணும்.)

சரி, எந்த உருவத்துல பதியறது? மூணு வழி இருக்கு.

சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. குறைஞ்சது 7 பேர் வேணும். மாவட்டப் பதிவாளர்கிட்ட பதியணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் பண்ணணும். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கெல்லாம் இதுதான் பொருத்தம். தேர்தல் வெச்சு ஆள் மாத்தலாம் இல்லையா.

ட்ரஸ்ட்: பத்திரம் எழுதி சார் பதிவாளர் ஆபீஸ்ல பதியறது. ரெண்டு அறங்காவலர் இருந்தாலே போதும். பதிவாளருக்கு வருஷா வருஷம் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. சுலபம். அந்தச் சுலபத்துலதான் ஆபத்தும் இருக்கு, ஒரே குடும்பத்துச் சொத்து மாதிரி ஆயிடும்.

கம்பெனி: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 8. லாபத்தைப் பிரிச்சுக்காத கம்பெனி. பெரிய கம்பெனிகளோட சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தை எதிர்பார்க்கிறவங்க இப்பல்லாம் இதுக்குப் போறாங்க. (சிஎஸ்ஆர் பணம் ட்ரஸ்டுக்கும் சங்கத்துக்கும் கூட வரலாம். அதுக்கு சிஎஸ்ஆர்-1ன்னு ஒரு படிவம் போட்டுப் பதியணும்.)

நாங்க ட்ரஸ்ட் எடுத்தோம். அஞ்சு அறங்காவலர். ஒரு வீட்ல இருந்து ஒருத்தர்தான்னு பத்திரத்துலயே எழுதினோம். இதுல எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்.

ஆனா பத்திரத்துல ஒரு பெரிய தப்பும் நடந்துச்சு. பத்திரம் எழுதறவர்கிட்ட ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்தது. பேரை மட்டும் மாத்தித் தந்தார். நோக்கங்கள்னு 23 இருந்தது. கோசாலை, திருமண உதவி, நெசவாளர் மேம்பாடு, விண்வெளிக் கல்வி வரைக்கும். நாங்க செய்யப்போறது ஒண்ணே ஒண்ணு. நோயாளிகளுக்கு உபகரணம் இலவசமா இரவல் குடுக்கிறது. அது 19-ஆவது வரியில இருந்தது. சந்தோஷத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பதிஞ்சு, சார் பதிவாளர் ஆபீஸ் வாசல்லயே டீ குடிச்சிட்டு வந்துட்டோம்.

அதுக்கு நாங்க அனுபவிச்சதைச் சொல்றதுக்கு முன்னாடி, 12ஏ, 80ஜி ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லிடறேன். என்கிட்ட போன்ல கேக்குற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு இதுல குழப்பம்.

12ஏ (2021 ஏப்ரல்ல இருந்து 12ஏபி) ட்ரஸ்டோட சொந்த வருமானத்துக்கு. வந்த பணத்துல குறைஞ்சது 85 சதவீதம் அந்த வருஷமே நோக்கத்துக்காகச் செலவாகணும். அப்படின்னா வரி இல்லை. 80ஜி, நமக்கு நன்கொடை குடுக்கிறவங்களுக்கு. எங்களை மாதிரி ட்ரஸ்டுக்கு 1,000 ரூபா குடுத்தா 500 ரூபா அவங்க வருமானத்துல கழியும். கவனிங்க, வரியில இல்லை, வருமானத்துல. 20 சதவீத வரி கட்டுறவருக்கு செஸ்ஸோட சேர்த்து மிச்சமாகிறது 104 ரூபா. அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தக் கழிவும் கிடையாது. கட்டில், வீல் சேர்னு பொருளா குடுத்தாலும் கிடையாது. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு இந்த 80ஜி கழிவே கிடையாது.

104 ரூபாய்க்காக யாரும் 1,000 ரூபா குடுக்கிறதில்லை. குடுக்கிற மனசு இருக்கிறவங்கதான் குடுக்கிறாங்க.

இப்ப தப்புக்கு வரேன்.

முதல்ல 10ஏ படிவம், ஆன்லைன்ல. தற்காலிகப் பதிவு மூணு வருஷத்துக்கு. கேள்வியே கேக்காம வந்துடுச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். முடியலை. அது வெறும் நுழைவுச் சீட்டு. வேலையை ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள, இல்லைன்னா அந்த மூணு வருஷம் முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, இதுல எது முதல்ல வருதோ அதுக்குள்ள 10ஏபி போடணும். "எது முதல்ல வருதோ"ங்கிறது எங்க கண்ணுல படவே இல்லை. மூணு வருஷம் இருக்கேன்னு நிம்மதியா இருந்தோம். எங்களை மாதிரி நாடு பூரா நிறைய பேர் தவறவிட்டதால, நேரடி வரிகள் வாரியம் தேதியைத் தள்ளித் தள்ளி கடைசியா 2024 ஜூன் 30 வரைக்கும் நீட்டிச்சது. அதுல தப்பிச்சோம்.

விண்ணப்பம் போட்டதும் கேள்விகள் வந்தது. நியாயமான கேள்விகள்தான்னு இப்ப சொல்லுவேன், அன்னிக்குக் கை நடுங்கிச்சு. செஞ்ச வேலைக்கு ஆதாரம் எங்கே, 23 நோக்கத்துல எதெல்லாம் செய்யறீங்க, ட்ரஸ்டைக் கலைச்சா சொத்து எங்க போகும்.

கடைசிக் கேள்விக்குப் பத்திரத்துல பதிலே இல்லை. கலைப்பு பத்தி ஒரு வரி கிடையாது. திரும்பப் பெற முடியாத அறக்கட்டளைங்கிற சொல்லும் கிடையாது. மிஷின் யாருதுன்னு கேட்டுத்தான் நாங்க ட்ரஸ்டே ஆரம்பிச்சோம். அதே கேள்விக்கு எங்க பத்திரத்துலயே பதில் எழுதாம விட்டிருந்தோம்.

மறுபடி அஞ்சு பேரும் லீவ் போட்டோம். கோயம்புத்தூர்ல இருந்து அண்ணா ராத்திரி ரயில்ல வந்து, தாம்பரத்துல இறங்கினதும் நேரா வந்தார். துணைப் பத்திரம் பதிஞ்சோம். கலைச்சா மிச்சம் இருக்கிறது இதே மாதிரி நோக்கம் உள்ள, பதிவு பெற்ற வேற அமைப்புக்குத்தான் போகணும், அறங்காவலருக்கோ அவங்க சொந்தக்காரங்களுக்கோ ஒரு வாக்கிங் ஸ்டிக் கூட போகக்கூடாது. (வாக்கிங் ஸ்டிக்னு எழுதலை. எழுதியிருந்தா எனக்குத் திருப்தியா இருந்திருக்கும்.) அதுக்கப்புறம் அஞ்சு வருஷப் பதிவு கிடைச்சுது. வருமானம் 5 கோடிக்கு உள்ள இருக்கிற சின்ன அமைப்புகளுக்கு இப்ப பத்து வருஷம்னு ஆக்கியிருக்காங்க, 2025 ஏப்ரல்ல இருந்து. நல்ல மாற்றம்.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன். மாதிரிப் பத்திரத்துல கையெழுத்துப் போடாதீங்க. உங்க பத்திரத்தை நீங்களே, உங்க வீட்ல இருக்கிற பெரியவங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல எழுதிப் பாருங்க. அப்புறம் சட்ட மொழிக்குப் போங்க.

ஒரு விஷயம் அழுத்தமா சொல்லணும். "எங்க ஆளுங்க பசங்களுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப்"னு ட்ரஸ்ட் ஆரம்பிக்கணும்னு என்னைக் கேட்டவங்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட மதத்துக்கோ ஜாதிக்கோ மட்டும்னு தர்மம் பண்ணினா வரி விலக்குப் போயிடும், சட்டத்துலயே இருக்கு. சட்டத்துல இல்லாட்டாலும் நான் உதவ மாட்டேன். மூச்சுத் திணறும்போது எந்த வீடுன்னு பார்த்தா நாங்க மிஷின் குடுத்தோம்?

நம்ம பக்கத்துல இதைச் சரியா செஞ்சவங்க எத்தனை பேர் தெரியுமா? பம்மல்ல 1994-ல ஒரு பெண்கள் குழு, மங்களம் பாலசுப்ரமணியன் முன்னாடி நிக்க, தெருக் குப்பையைத் தாங்களே பிரிச்சு உரமாக்க ஆரம்பிச்சாங்க. அது எக்ஸ்னோரா கிரீன் பம்மல்னு வளர்ந்துச்சு. முடிச்சூர்ல வளர்ந்த அருண் கிருஷ்ணமூர்த்தி 2007-ல தொடங்கின இஎஃப்ஐங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு இன்னிக்கு ஊர் ஊரா ஏரி தூர்வாருது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்காக ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவங்களோட கேர் எர்த் டிரஸ்டும் பல வருஷமா உழைக்கிறாங்க. 2022-ல அந்த நிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல வந்தது, 2025-ல அவங்களுக்கே ராம்சர் விருது வந்தது. ஏரியில இறங்கி நிக்கிற படத்தைத்தான் நாம பார்க்கிறோம். அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் வவுச்சர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்த ஆளைத்தான் நான் இப்பல்லாம் நினைச்சுக்கிறேன்.

தினமும் ரயில்ல போகும்போது சானடோரியம் ஸ்டேஷன் வருது இல்லையா. டாக்டர் சவுரிமுத்து 1928-ல காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச இடம் அது. 1937-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அவர் போயிட்டார். ஆஸ்பத்திரி நிக்குது, கோவிட் நோயாளிகளையும் பார்த்துச்சு. ஒரு ஆளோட கையில இருந்து விடுபட்டதாலதான் அது நின்னுதுன்னு எனக்குத் தோணும், ஒவ்வொரு தடவை அந்த ஸ்டேஷன் தாண்டும்போதும்.

சரி, எங்க கதைக்கு வரேன். நடத்துறதுன்னா என்ன?

இன்னிக்கு எங்ககிட்ட அந்த ரெண்டு மிஷினோட, வீல் சேர், வாக்கர், கமோடு சேர், படுக்கைப்புண்ணுக்கான ஏர் பெட், கைப்பிடி சுத்தினா தலைப்பக்கம் தூக்குற கட்டில் எல்லாம் இருக்கு. ஒரு மாமியோட கார் ஷெட்ல வெச்சிருக்கோம். அவங்க வாடகை வாங்கலை. (அறங்காவலருக்கோ அவங்க உறவுக்கோ அதிக வாடகை குடுத்து இடம் எடுக்கிறதும் வரி விலக்கைக் கெடுக்கும், ஜாக்கிரதை.) ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு. பொருள் நம்பர், வாங்கினவர் பேரு, தேதி, திருப்பின தேதி. திருப்பின தேதிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் இருக்கு. குணமானா ஒரு டிக். இறந்துட்டா கட்டத்தைக் காலியா விட்டுடுவோம். யாரும் சொல்லி வெச்சுப் பண்ணலை, அப்படியே பழகிடுச்சு.

பணம் மிச்சமானா ஏலச்சீட்டுல போடலாம்னு ஒரு யோசனை வந்தது. நம்ம ஊர்ல சீட்டுன்னா ஒரு நம்பிக்கை. ஆனா ட்ரஸ்ட் பணத்தை எதுல போடலாம்னு சட்டம் பட்டியலே வெச்சிருக்கு. பேங்க் டெபாசிட் சரி, சீட்டு கூடாது. மோட்டார் வெச்ச கட்டில் வாங்கச் சேர்க்கணும்னா, எதுக்காகன்னு தீர்மானம் போட்டு, படிவம் 10 தாக்கல் பண்ணி, அஞ்சு வருஷம் வரை சேர்க்கலாம்.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. எங்க ஏரியாவுல பாதி வீட்டுப் பிள்ளைங்க அங்கதான். "அம்மாவுக்கு வீல் சேர் குடுத்தீங்க, நான் 500 டாலர் அனுப்பறேன்"னு நியூ ஜெர்சியில இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். முதல்ல கேட்டேன், "பாஸ்போர்ட் எந்த ஊரு தம்பி?" இந்திய பாஸ்போர்ட்னா, எங்க இருந்து அனுப்பினாலும் பேங்க் வழியா வந்தா அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டா, பொறந்த ஊர் இதுவா இருந்தாலும் அவன் பணம் வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாம தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூணு வருஷமாவது செயல்பட்டிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சமாவது செலவு பண்ணியிருக்கணும். பணம் டெல்லியில ஸ்டேட் பேங்கோட ஒரே ஒரு கிளைக்குத்தான் வரும். அவன் குடியுரிமை வாங்கியிருந்தான். வேண்டாம்னுட்டேன். அவனுக்கு வருத்தம்தான். அம்மாவே இங்க பென்ஷன்ல இருந்து மாசம் 300 ரூபா போடறாங்க.

2026 ஏப்ரல் 1-ல இருந்து 1961 சட்டத்துக்குப் பதிலா புது வருமான வரிச் சட்டம். இங்க இருக்கிற வருமான வரிப் பிரிவு, படிவ நம்பர் எல்லாம் அந்தப் பழைய சட்டத்தோடது. புதுசுல நம்மளை "பதிவு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பு"ன்னு ஒரே இடத்துல சேர்த்திருக்காங்க. ஆரம்பிக்கிறவங்க ஒரு ஆடிட்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

இந்த வருஷம் என்னை ரொம்ப சந்தோஷப்படுத்தினது ஒண்ணு. ரயில்வேயில ரிட்டயர் ஆன ஒரு சார், எண்பதைத் தாண்டினவர். வீட்டம்மாவோட திதி அன்னிக்கு 5,000 ரூபா கவர்ல கொண்டு வந்தார். ரொக்கம். "சார், செக்கா குடுத்தா உங்களுக்கு வரி குறையும்"னேன். "எனக்கு வரியே வராதும்மா. ஆனா ரசீது வேணும். அவ பேர்ல எழுது"ன்னார். பணம் குடுக்கிறவர் நீங்க, ரசீது உங்க பேர்லதான் போடணும்னு சொல்லவே எனக்குக் கஷ்டமா இருந்தது. அப்புறம் ரசீதுல "நினைவாக"ன்னு ஒரு வரி சேர்த்து அவங்க பேரை எழுதினேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். மடிக்காம எடுத்துக்கிட்டுப் போனார்.

இன்னிக்கு ராத்திரி வேலை, நன்கொடையாளர் பட்டியல். 10பிடின்னு ஒரு அறிக்கை, வருஷா வருஷம் மே 31-க்குள்ள போகணும். பேரு, பான் நம்பர், தொகை. அது போனாத்தான் அவங்களுக்கு 10பிஇ சான்றிதழ் வரும். தாமதமானா நாளுக்கு 200 ரூபா, அதுக்கு மேல அபராதமும் உண்டு. போன வருஷம் கடைசி வாரத்துல உக்காந்து திண்டாடினோம். இந்த வருஷம் மார்ச்லயே ஆரம்பிச்சாச்சு.

ஒரு அக்கா பான் நம்பரைக் கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. நடுவுல ஒரு வட்டம். ஓ-வா, சைபரா? போன் பண்ணா எடுக்கலை, தூங்கியிருப்பாங்க. அப்புறம் ஞாபகம் வந்தது. பான்ல முதல் அஞ்சு இடம் எழுத்து, அடுத்த நாலு எண், கடைசி ஒரு எழுத்து. விரல் விட்டு எண்ணினேன். வட்டம் ஆறாவது இடத்துல இருக்கு.

சைபர். அடுத்த பேருக்குப் போறேன்.